பிபிசி (PPC) சிமெண்ட் பூச்சுக்கு மூன்று நாள் தண்ணீர் போதுமா?

வீடு கட்டுபவர், மதுரை:
வணக்கம். எங்கள் வீட்டில் ஒன்பது அங்குலச் சுவர்கள் எழும்பி, வெளிப்பூச்சு பாதி முடிந்திருக்கிறது. செங்கல் கட்டுக்கு 1:6, பூச்சுக்கு 1:4 என்ற விகிதத்தில் பிபிசி சிமெண்ட்டையும் (நிலக்கரிச் சாம்பல் கலந்த சிமெண்ட்) எம்-சாண்டையும் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) கலக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மூன்று நாள் தண்ணீர் விட்டால் போதும் என்கிறார் கொத்தனார். ஆனால், வெயில் விழும் மேற்குச் சுவரில் பூசிய மறுவாரமே முடி வெடிப்புகள் தெரிகின்றன. பிழை கலவையிலா, நீராற்றுவதிலா (தண்ணீர் விட்டு ஈரம் காப்பதிலா)?

கட்டடப் பொறியாளர்:
இரண்டிலும் இருக்கக்கூடும். பிபிசி சிமெண்ட்டில் கலந்துள்ள சாம்பல், சிமெண்ட் நீருடன் வினைபுரியும்போது வெளிவரும் சுண்ணாம்போடு சேர்ந்துதான் மெல்ல மெல்ல வலுவடைகிறது. அதற்குள் ஈரம் வற்றிவிட்டால் அந்த வலு பாதியிலேயே நின்றுவிடும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, சாதாரண சிமெண்ட்டுக்குக் குறைந்தது 7 நாட்களும், சாம்பல் கலந்த சிமெண்ட்டுக்கு 10 நாட்களும் ஈரம் காக்கச் சொல்கிறது; வறண்ட வெயில் காலத்தில் பின்னதை 14 நாட்களாக நீட்டிக்கலாம் என்றும் பரிந்துரைக்கிறது. பூச்சுக்கும் கட்டுக்கும் 7 நாட்களுக்குக் குறையவே கூடாது. உங்கள் சிமெண்ட்டுக்கும் மதுரை வெயிலுக்கும் நான் 10 நாட்கள் விடுவேன்.

மேலும், 1:4 வெளிச்சுவருக்குச் சற்றுச் செறிவான கலவை. சிமெண்ட் கூடினால் பூச்சு காயும்போது சுருங்குவதும் கூடும். 1:5 போதுமானது, அதையும் சலித்த பி-சாண்டில் (பூச்சுக்கான நைஸான எம்-சாண்ட்) கலப்பது நல்லது; தூள் மிகுந்த எம்-சாண்ட் கூடுதல் தண்ணீர் கேட்கும், அந்தத் தண்ணீர் வற்றும்போதுதான் வெடிப்பு வரும்.

ஓய்வு பெற்ற மேஸ்திரி:
பொறியாளர் சொன்னதோடு அளவையும் கவனியுங்கள். 50 கிலோ மூட்டை ஒன்று சுமார் 1.25 கன அடி. ஆகவே 1:5 என்றால் மூட்டைக்கு 6.25 கன அடி மணல். பெட்டி வைத்து அளக்காமல் சட்டிக் கணக்கில் போட்டால், சித்தாளின் கைக்கு ஒரு விகிதமாகக் கலவை மாறும். இறுகத் தொடங்கிய சாந்தில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் கிளறுவது பெரும் தவறு; நாங்களும் ஒரு காலத்தில் அதைச் செய்தவர்கள்தான். சிறிது சிறிதாகக் கலந்து, அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். பூசுவதற்கு முன் சுவரை நனைக்காவிட்டால் செங்கல் சாந்தின் நீரை உறிஞ்சிவிடும். மேற்குச் சுவருக்குக் காலையும் மாலையும் குழாயால் அடிப்பது போதாது. நனைத்த சாக்கைத் தொங்கவிடுங்கள்.

வீடு கட்டுபவர், மதுரை:
மிக்க நன்றி ஐயா. வெடித்த பகுதியைக் கொத்தி எடுக்க வேண்டுமா? மேல்மாடித் தடுப்புச் சுவர்களுக்கு ஏஏசி பிளாக் (காற்றுத் துளைகள் நிறைந்த எடை குறைந்த கான்கிரீட் கல்) வாங்கியிருக்கிறோம். அவற்றுக்கும் இதே போலத் தண்ணீர் விட வேண்டுமா?

கட்டடப் பொறியாளர்:
சுத்தியல் பிடியால் தட்டிப் பாருங்கள். உள்ளீடற்ற ஒலி வரும் இடத்தில் மட்டும் பூச்சு சுவரைவிட்டு விலகியிருக்கிறது, அதைக் கொத்தி எடுத்து மீண்டும் பூசுங்கள். மற்ற முடி வெடிப்புகளைச் சுவர் நன்கு காய்ந்தபின் வெளிச்சுவருக்கான பட்டி (putty, பெயிண்டுக்கு முன் தடவும் பசை) அடைத்துவிடும். ஏஏசி பிளாக்கை நீரில் ஊறவைக்காதீர்கள். ஈரத்தோடு கட்டினால் பிறகு சுருங்கி இணைப்புகளில் வெடிக்கும். அதற்கென விற்கும் ஒட்டுக் கலவையை 3 மில்லிமீட்டர் கனத்தில் தடவிக் கட்டினால், கட்டுக்குத் தனியாக நீராற்றவும் தேவையில்லை.