இம்யூனாலஜி பாதி, தசை பாதி: இந்த கைடிடம் பிஎச்டி சேரலாமா?

வியாசை_மைக்ரோ:
எம்.எஸ்சி பயோடெக் முடித்துவிட்டு ஜேஆர்எஃப் (பிஎச்டி செய்வதற்கான உதவித்தொகை) வைத்திருக்கிறேன், ஊர் வியாசர்பாடி. ஒரு விஞ்ஞானிக்கு மெயில் போட்டேன், நேரில் வந்து பேசச் சொல்லியிருக்கிறார் (பெயர் வேண்டாமே). அவருடைய பேப்பர் லிஸ்டைப் பார்த்தால் ஒன்றும் பிடிபடவில்லை. ஆரம்பத்தில் எல்லாம் டி செல், மேக்ரோபேஜ், சைட்டோகைன் என்று இம்யூனாலஜி, அதாவது நோய் எதிர்ப்பு பற்றியது. அப்புறம் திடீரென்று தசை, சேட்டிலைட் செல் (தசையைப் புதுப்பிக்கும் மூல செல்), டிஸ்ட்ரோபின் (தசை நாரைத் தாங்கும் புரதம்). "கிராண்ட் எங்கே கிடைக்குதோ அங்கே தாவுற ஆளு" என்கிறார் காலேஜ் சீனியர். எச்-இன்டெக்ஸ் (எத்தனை பேப்பர், அவற்றை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்பதை வைத்துப் போடும் எண்) நன்றாகத்தான் இருக்கிறது. இப்படி ஒரு ரெக்கார்டை எப்படிப் படிப்பது?

தண்டையார்பேட்டை_போஸ்ட்டாக்:
தம்பி, உங்கள் சீனியர் தலைப்புகளை மட்டும் பார்த்திருக்கிறார். தசையில் காயம் பட்டால் முதலில் வந்து சேர்வதே எதிர்ப்பு செல்கள்தான். சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில், அதன் பின்னால் மேக்ரோபேஜ். அந்த மேக்ரோபேஜ் முதலில் குப்பையைத் தின்று அழற்சியைக் கிளப்பும், இரண்டு மூன்று நாளில் குணம் மாறி, சேட்டிலைட் செல்கள் புதுத் தசை நாராக மாறுவதற்கு உதவும். இந்த மாற்றத்தை 2007ல் பிரான்ஸில் பெனடிக்ட் ஷசோ குழு எலியில் காட்டியது. 2013ல் ஹார்வர்டில் டயான் மாத்திஸ் குழு, காயம்பட்ட தசையில் ட்ரெக் செல்கள் (எதிர்ப்பை அடக்கி வைக்கும் ஒரு வகை டி செல்) குவிவதையும், அவற்றை எடுத்துவிட்டால் தசை சரியாக ஆறாததையும் காட்டியது. மாத்திஸ் அடிப்படையில் இம்யூனாலஜிஸ்ட், அவரை யாராவது தாவினார் என்பார்களா?

டுஷேன் நோயும் (சிறுவர்களுக்கு வரும் பரம்பரைத் தசைச் சிதைவு நோய்) அப்படித்தான். டிஸ்ட்ரோபின் இல்லாததுதான் மூல காரணம், ஆனாலும் வருடக்கணக்காகக் கொடுக்கிற மருந்து ஸ்டீராய்டு, அதாவது அழற்சியை அடக்குகிற மருந்து. டிஸ்ட்ரோபின் ஜீனைத் தசைக்குள் செலுத்திப் பார்த்த ஒரு சிறிய சோதனையில், அதே புரதத்தை எதிர்க்கும் டி செல்கள் சில சிறுவர்களிடம் இருந்தன, அதிலும் சிலருக்கு சிகிச்சைக்கு முன்பே இருந்தன (2010). இதைப் படித்த இம்யூனாலஜிஸ்ட் தசைப் பக்கம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ராயபுரம்_கிளவ்ஸ்:
நடுவில் ஒரு சந்தேகம் அண்ணா. நம்ம ஏரியாவில் பசங்களுக்கு பாக்ஸிங் சொல்லித் தருகிறேன், பயிற்சி முடிந்ததும் உடம்பு வலி என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். அழற்சிதான் ஆற வைக்கிறது என்றால் இது தப்பா?

தண்டையார்பேட்டை_போஸ்ட்டாக்:
நல்ல கேள்வி. ஸ்வீடனில் 18-35 வயதுக்காரர்களை எடை தூக்க வைத்து, ஒரு பிரிவுக்கு 8 வாரம் தினம் 1200 மி.கி. ஐபுப்ரோஃபென் (அழற்சியைக் குறைக்கும் வலி மாத்திரை) கொடுத்தார்கள். குறைந்த அளவு ஆஸ்பிரின் எடுத்தவர்களைவிட இவர்களுக்குத் தசை வளர்ச்சி குறைவு. என்றைக்காவது ஒரு மாத்திரைக்கு இதை வைத்துப் பயப்பட வேண்டாம். தினமும் பழக்கமாவதைத்தான் நிறுத்தணும், வயிறும் கிட்னியும் வேறு இருக்கிறதே.

பெரம்பூர்_பிளாட்:
சப்ஜெக்ட் சரி, ஆளைப் பார்ப்பது எப்படி என்று யாரும் சொல்லவில்லையே. எச்-இன்டெக்ஸைத் தூக்கி ஓரமாக வை ப்ரோ, ரிவ்யூ பேப்பர்கள் (புதுச் சோதனை இல்லாமல், மற்றவர்கள் வேலையைத் தொகுத்து எழுதுவது) நிறைய ஓடினாலும் அது ஏறும். தசை பேப்பர்களில் அவர் பெயர் எங்கே நிற்கிறது? கடைசியில் கரஸ்பாண்டிங் ஆதராக (பேப்பருக்குப் பொறுப்பேற்பவர்) என்றால் யோசனை அவர் லேபுடையது, நடுவில் பத்தோடு பதினொன்று என்றால் ஆன்டிபாடியோ ஃப்ளோ சைட்டோமெட்ரியோ (செல்களை வகை பிரித்து எண்ணும் முறை) செய்து கொடுத்திருப்பார். இந்த ஒரு விஷயமே உன் சீனியர் சொன்னது சரியா என்று காட்டிவிடும். பப்பியரில் (PubPeer, வெளியான பேப்பர்களைப் பற்றிக் கருத்து எழுதும் தளம்) பெயரைப் போட்டுப் பார், ஒரே வெஸ்டர்ன் பிளாட் படம் (புரதத்தைக் கண்டறியும் சோதனையின் படம்) இரண்டு பேப்பரில் வந்திருந்தால் யாராவது எழுதியிருப்பார்கள். அப்புறம் ஷோத்கங்காவில் (இந்தியப் பல்கலைக்கழக தீசிஸ்களைச் சேர்த்து வைத்திருக்கும் தளம்) கைடு பெயரில் தேடு, அவரிடம் முடித்தவர்களின் தீசிஸ் சில கிடைக்கலாம். அந்த மாணவர்கள் முதல் ஆதராகப் பேப்பர் போட்டிருக்கிறார்களா என்பதுதான் எனக்கு முக்கியம்.

வியாசை_மைக்ரோ:
இப்போதுதான் பார்த்தேன். தசை பேப்பர்களில் பெரும்பாலும் கடைசிப் பெயர் அவருடையதுதான். முதல் ஆதர்கள் மாணவர்கள். நேரில் என்ன கேட்பது?

பெரம்பூர்_பிளாட்:
எலி வேலை யார் கற்றுத் தருவார், புராஜெக்ட் பணம் இன்னும் எத்தனை வருடம் இருக்கிறது, இந்த இரண்டையும் கூச்சப்படாமல் கேள். வெளியே வந்ததும் லேபில் இருக்கிற சீனியர் மாணவர் யாரையாவது டீக்குக் கூப்பிடு, மீதியை அவர் சொல்லிவிடுவார்.