புதுப்பிப்பு: ஆளைத் தொடரும் கேமராவை மாட்டியாச்சு

வாசலுக்கு அசையாத கேமரா போதுமா, ஆள் போகிற பக்கமெல்லாம் திரும்புவது வேண்டுமா என்று போன வாரம் கேட்டிருந்தேனே, திரும்புவதையே வாங்கிவிட்டேன். முதலில் வைஃபையே பிடிக்கவில்லை; அதற்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வைஃபை மட்டும்தான் ஆகும், என் போன் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்திருக்கிறது. அப்புறம்தான் கூத்து. கொடியில் காயும் சட்டை காற்றில் ஆடினால் போதும், தலையைத் திருப்பி அதையே முறைத்துக்கொண்டிருக்கும், எனக்கோ நடுராத்திரியில் டிங் டிங். அமைப்பில் ‘மனிதர் மட்டும்’ என்று மாற்றியதும் அடங்கியது. ஆள் போன பிறகு சுவரைப் பார்த்தபடியே நின்றுவிடுவதால், பழைய இடத்துக்குத் தானாகத் திரும்புவதையும் போட்டுவிட்டேன். ஆனால் கேமரா ஒருவரைத் தொடர்ந்து ஒரு பக்கம் திரும்பியிருக்கும்போது மறுபக்கம் சுத்தமாகத் தெரியாது. அதனால் கதவுக்கு நேராகப் பழைய அசையாத கேமராவும் இருக்கிறது. இரண்டும் வேண்டும் என்று அன்றே சொன்னவர்களே, சரி, ஒப்புக்கொள்கிறேன்.