2000 கிலோ இழுக்கும் என்று போட்டிருந்தால் 1600 கிலோ கேம்பரைக் கட்டிவிடலாமா?

புதுவண்டி:
வணக்கம். மெல்பர்னில் இருக்கிறோம். வண்டி டொயோட்டா க்ளூகர் ஹைபிரிட். பிரேக் உள்ள ட்ரெய்லர் என்றால் 2000 கிலோ வரை இழுக்கலாம் என்று போட்டிருக்கிறது. பழைய கேம்பர் ட்ரெய்லர் (காருக்குப் பின்னால் இழுத்துப்போய், விரித்துத் தங்கும் கூடார வண்டி) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வெறும் எடை 1150, முழுச் சுமையோடு அனுமதி (ஏடிஎம்) 1600. ஓவர்ரைடு பிரேக்தான் (ட்ரெய்லரின் தள்ளலிலேயே பிடிப்பது). நான், மனைவி, அம்மா, இரண்டு பிள்ளைகள். கோடை விடுமுறையில் மலைப்பகுதியிலுள்ள ஜிண்டபைன் போய், அங்கிருந்து பிரவுன் மவுண்டன் மலைப்பாதை வழியாக இறங்கி மெரிம்புலா கடற்கரையில் தங்கத் திட்டம். விற்பவர், "400 கிலோ மிச்சம் இருக்கிறது, டோபார் மாட்டினால் போதும்" என்கிறார் (ட்ரெய்லரைக் கோர்க்கக் காரின் பின்னால் மாட்டும் இரும்புச் சட்டம்தான் டோபார்). போதுமா?

ஹியூம்_பயணி:
போதும். டோபார், லைட்டுக்கு வயரிங், பக்கவாட்டில் நீட்டிக்கொள்ளும் கண்ணாடி, அவ்வளவுதான். கம்பெனிக்காரன் சோதித்துப் பார்த்துத்தான் 2000 என்று எழுதியிருக்கிறான். நீங்கள் அதில் எண்பது சதவீதம்தான் தொடுகிறீர்கள். ப்ராடோ வாங்கு, லேண்ட் க்ரூசர் வாங்கு என்று சொல்ல நாலு பேர் வருவார்கள். அந்தப் பணத்தில் எத்தனையோ வருடம் ஊர் சுற்றலாம்.

எடைமேடை:
பெரிய வண்டி வாங்கச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் 2000 என்ற எண்ணை மட்டும் பார்ப்பது ஆபத்து. இந்த அளவு வண்டிகளில் பெரும்பாலும் முதலில் முட்டுவது இழுவை வரம்பு அல்ல, வண்டியே சுமக்கக்கூடிய எடைதான்.

ட்ரெய்லர் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு டோபாலில், அதாவது டோபாரின் முனையில் ட்ரெய்லரைக் கோர்க்கும் குண்டில், உட்காரும். 1600-க்கு 160 கிலோ. அது ட்ரெய்லர் கணக்கோடு நிற்பதில்லை, காரின் சுமையிலும் சேரும். உங்கள் கார் 600 கிலோ ஏற்றலாம் என்று வைத்துக்கொள்வோம் (சரியான எண்ணைக் கையேட்டில் பாருங்கள்). ஐந்து பேர் 320, டோபால் 160, டோபார் ஒரு 35. ஆகமொத்தம் 515. மிச்சம் 85 கிலோ. பிரிட்ஜ், சாப்பாட்டுச் சாமான், கூரைப் பெட்டி வைத்தால் தீர்ந்துவிடும்.

அப்புறம், அந்த 160 கிலோ பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. அது பின் சக்கரங்களை அழுத்தும்போது முன் சக்கரங்களைத் தூக்கவும் செய்கிறது. ஸ்டீயரிங்குக்கும் பிரேக்குக்கும் முன் சக்கரப் பிடிப்புதான் ஆதாரம். இழுக்க முடியுமா என்பதைவிட, திருப்ப முடியுமா, நிறுத்த முடியுமா என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி.

ஹியூம்_பயணி:
சரி, காரில் இடம் இல்லையென்றால் சாமானை ட்ரெய்லரில் போடுங்கள். அதற்குத்தானே 1600-இல் 1150 போக 450 கிலோ இருக்கிறது? டோபால் எடை அதிகம் என்றால் கனமானதைப் பின்பக்கம் தள்ளினால் முன்னால் குறைந்துவிடும். இதற்கு இவ்வளவு கணக்கு எதற்கு?

எடைமேடை:
தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். கனத்தைப் பின்னால் தள்ளினால் டோபால் எடை குறையும், உண்மைதான். ட்ரெய்லர் ஆடத் தொடங்குவதும் அதனால்தான். நெடுஞ்சாலையில் பெரிய லாரி ஒன்று பக்கத்தில் கடந்தால் போதும், வால் ஆட ஆரம்பித்து, ஒவ்வோர் ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். கனமானவை அச்சுக்கு மேலேயே, தரையோடு தாழ்வாக இருக்க வேண்டும். பின்னால் சைக்கிள் தாங்கி மாட்டுவதையும் நான் ஏற்க மாட்டேன்.

450 கிலோவும் கைக்கு வராது. 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. கேஸ் சிலிண்டர், பேட்டரி, கூடாரம், நாற்காலி எல்லாம் இருக்கிறது. தங்குமிடத்தில் குழாய் இருக்கும்போது தொட்டியை நிரப்பிக்கொண்டு போக வேண்டிய அவசியம் என்ன?

பெண்டிகோ_அக்கா:
தம்பி, எடைக் கணக்கு சரி. எனக்குப் பயம் அந்தப் பிரவுன் மவுண்டன் இறக்கத்தைப் பற்றித்தான். நிமிடபெல் பக்கத்து மேட்டு நிலத்திலிருந்து பெம்போக்காவுக்கு இறங்கும் பாதை, செங்குத்தாகவும் வளைந்து வளைந்தும் போகும். ஓவர்ரைடு பிரேக் எப்படி வேலை செய்கிறது? கார் வேகம் குறைக்கும்போது ட்ரெய்லர் முன்னால் தள்ளுகிறது, அந்தத் தள்ளலில் பிரேக் பிடிக்கிறது. நீண்ட இறக்கத்தில் அது தள்ளிக்கொண்டே வரும், பிரேக்கும் உரசிச் சூடாகிக்கொண்டே வரும். எலக்ட்ரிக் பிரேக்குக்கு மாற்றி, காருக்குள் அதை இயக்கும் கன்ட்ரோலர் வையுங்கள்.

ஹியூம்_பயணி:
அக்கா, சட்டம் என்ன சொல்கிறது? ஆஸ்திரேலியாவில் ட்ரெய்லர் சக்கரங்கள் தாங்கும் எடை (ஜிடிஎம்) 750 கிலோவைத் தாண்டினால்தான் பிரேக்கே கட்டாயம். 2000 வரை ஓவர்ரைடு செல்லும். அதற்கு மேல்தான் எல்லாச் சக்கரத்திலும் பிரேக், ட்ரெய்லர் கழன்றால் தானாகப் பிடிக்கும் ஏற்பாடு. எத்தனையோ குடும்பங்கள் ஓவர்ரைடு வைத்துக்கொண்டே நாட்டைச் சுற்றுகின்றன. மெதுவாக இறங்கினால் போதும்.

பெண்டிகோ_அக்கா:
சட்டம் சொல்வது குறைந்தபட்சம். அம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு அந்தக் குறைந்தபட்சம் போதாது என்பது என் கருத்து.

காரணம் இன்னொன்றும் உண்டு. ட்ரெய்லர் ஆடினால் கார் பிரேக்கை ஓங்கி மிதிக்கக்கூடாது, எதிர்ப்பக்கம் ஸ்டீயரிங்கை வெட்டவும் கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்துவிட்டு, கன்ட்ரோலரில் கையால் ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் பிடிக்க வேண்டும். பின்னால் இழுத்துப் பிடித்ததும் நேராகிவிடும். ஓவர்ரைடில் ட்ரெய்லரைத் தனியாகப் பிடிக்க வழியே இல்லை.

ஹைபிரிட்டில் இன்னொரு விஷயம். இறக்கத்தில் மோட்டார் பேட்டரியைச் சார்ஜ் செய்துகொண்டே வேகத்தைப் பிடிக்கும். பேட்டரி நிரம்பியதும் அந்த உதவி குறைந்துவிடும். என்ஜினைச் சுழற்றித்தான் பிடிக்கும், சத்தமும் கூடும். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கியரை எஸ் (S) நிலைக்கு, அதாவது என்ஜினே வேகத்தைப் பிடிக்கும்படி கையால் கியரைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்கு, மாற்றிவிடுங்கள்.

ஹியூம்_பயணி:
கையால் பிடிப்பது பற்றி நீங்கள் சொன்னது நியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பழைய ட்ரெய்லருக்குச் செலவு செய்வதென்றால் நான் முதலில் டயரைத்தான் பார்ப்பேன். வருடக்கணக்கில் வெயிலில் நின்ற டயருக்குப் பட்டன் புதிதுபோல இருக்கும், உள்ளே வெடிப்பு விட்டிருக்கும். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், 2316 என்றால் 2016-இன் 23-வது வாரம். அப்படி இருந்தால் விலையில் குறைக்கச் சொல்லுங்கள். பேரிங்கும் கிரீஸும் அதே நேரத்தில் பார்க்க வேண்டும்.

புதுவண்டி:
எல்லோருக்கும் நன்றி. பின் பக்கம் தாழாமல் இருக்க வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் (டோபால் எடையைக் கம்பிகளால் மற்ற அச்சுகளுக்கும் பகிரும் இணைப்பு) போடலாமா? டோபார் மாட்டும் ஒரு கடையில் "கட்டாயம் வேண்டும்" என்கிறார்கள்.

எடைமேடை:
வண்டியின் கையேட்டைத் திறக்காமல் போடாதீர்கள். சில கம்பெனிகள் அதை வேண்டாம் என்றே எழுதியிருக்கின்றன. அந்தக் கம்பிகள் எடையை முன் அச்சுக்கும் ட்ரெய்லர் அச்சுக்கும் கொஞ்சம் மாற்றும். வண்டியின் மொத்த அனுமதியை ஒரு கிலோகூட உயர்த்தாது. டோபாரிலும் ஒரு தகடு இருக்கும், அதில் உள்ள வரம்பு காருடையதைவிடக் குறைவாக இருந்தால் அதுதான் உங்கள் வரம்பு.

வேகமும் முக்கியம். 80-இலிருந்து 100-க்குப் போனால் நிறுத்த வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடுகிறது. நான் 90-ஐத் தாண்டுவதில்லை.

ஹியூம்_பயணி:
ஹியூம் நெடுஞ்சாலையில் 110 போகும் இடத்தில் 90-இல் போனால் பின்னால் வருபவர்கள் பொறுமை இழந்து முந்துவார்கள். அதுவும் ஆபத்துதான். 100 சரியான வேகம் என்பேன்.

எடைமேடை:
அங்கே இரண்டு தடம் இருக்கிறது, முந்தட்டும். மலைப்பாதையில் ஒதுங்க இடம் வந்தால் நாமே ஒதுங்கி வழிவிடலாம்.

புதுவண்டி, ட்ரெய்லரை வாங்கினால் கிளம்புவதற்கு முன்பு பொது எடைமேடைக்குப் போங்கள். குடும்பம், சாமான், எரிபொருள் எல்லாம் ஏற்றியபடி மூன்று எடை எடுங்கள்: ட்ரெய்லரைக் கழற்றிவிட்டுக் கார் மட்டும், மாட்டிய நிலையில் கார் சக்கரங்கள் மட்டும், அதே நிலையில் ட்ரெய்லர் சக்கரங்கள் மட்டும். முதல் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் டோபால் எடை. எண்களை இங்கே போடுங்கள், எதை எங்கே மாற்றி வைக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.