விவசாயி அடையாள எண் பதிவாகவில்லை, அவசரம்

கொள்ளிடக்கரை: இ-சேவையில் உட்கார்ந்திருக்கிறேன். அப்பாவுக்கு விவசாயி எண் எடுக்க ஆதார் போட்டால் ஓடிபி வருகிறது. நிலத்தைச் சேர்க்கும் இடத்தில் ‘பெயர் பொருந்தவில்லை’ என்று நின்றுவிடுகிறது. ஆதார், பட்டா எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. நெல் வேறு அறுத்தாச்சு. யாராவது சொல்லுங்கள்.

வெண்ணாற்றான்: எந்த மாவட்டம்? தனிப் பட்டாவா, கூட்டுப் பட்டாவா? ஆதாரில் பெயர் எப்படி, சிட்டாவில் எப்படி?

குறுவை: கொள்ளிடக்கரை என்றால் மயிலாடுதுறைதானே? 2020-இல் நாகப்பட்டினத்திலிருந்து பிரித்த மாவட்டம். பழைய மாவட்டக் குறியீடு எங்கோ தொங்குகிறது. எல்லாக் கோளாறுக்கும் அதுதான்.

வெண்ணாற்றான்: அப்படியென்றால் பட்டியலில் கிராமமே வராது. இவருக்குப் பெயரில்தானே நிற்கிறது?

கடைமடை: வங்கியில் ஆதார் சீடிங், அதாவது எந்தக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். மாமனாருக்கு மத்திய அரசின் பிஎம் கிசான் உதவித்தொகை 2,000 ரூபாய் மறந்துபோன பழைய கணக்கில் விழுந்துகொண்டிருந்தது.

பழைய கர்ணம்: தம்பி, பணம் விழுவது வேறு, பதிவு வேறு. ஒவ்வொரு போகத்துக்கும் இதை விளக்கிக்கொண்டிருக்கிறேன். நிலம் வருவாய்த்துறையின் ‘தமிழ்நிலம்’ கணினிப் பதிவேட்டில், ஆள் ஆதாரில். இரண்டையும் பெயரை வைத்துத்தான் ஒட்டிப் பார்க்கிறார்கள். அங்கே ‘கோ. ராமையன்’, இங்கே ‘ராமையன் கோவிந்தன்’ என்றால் கம்ப்யூட்டருக்கு இரண்டு ஆள். படித்துவிட்டுக் கேட்கலாமே.

தாளடி: ஐயா, வாய்ப்பேச்சில் கோயில் நிலம் குத்தகை பார்ப்பவனுக்கு எந்தப் பெயர் பொருந்தும்?

பழைய கர்ணம்: 1969-லேயே குத்தகைப் பதிவேட்டுக்குச் சட்டம் வந்தாச்சு. பதியாதது யார் தப்பு?

தாளடி: பதியப் போனால் அடுத்த சம்பாவுக்கு நிலம் கிடைக்காது. 2019-லிருந்து கிசான் பணமும் நிலத்துக்காரருக்குத்தான். உரம் போடுவது நான்.

பழைய கர்ணம்: அதைத் தனி இழையில் பேசுங்கள்.

தாளடி: நீங்கள் எங்கே பேச விட்டீர்கள்?

கொள்ளிடக்கரை: கூட்டுப் பட்டா இல்லை. தாத்தா பேரில் இருக்கிறது. அவர் தவறிவிட்டார்.

வெண்ணாற்றான்: இதை முதலிலேயே சொல்லக் கூடாதா! அந்தப் புல எண்ணில் அப்பா பெயரே இல்லை, எதோடு பொருந்தும்? வாரிசுச் சான்று, பட்டா மாறுதல், அப்புறம்தான் எண். நெல் அதுவரை காத்திருக்காது. கொள்முதல் நிலையத்துக்குச் சாகுபடிச் சான்று கிடைக்குமா என்று விஏஓவை இன்றே பாருங்கள். ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் போகாமல் காயவையுங்கள்.

கொள்ளிடக்கரை: சான்று தருகிறேன் என்றார். பட்டாவுக்கு அத்தைகளிடமும் பேச வேண்டும். நன்றி.

குறுவை: எல்லாம் சரி, அந்த மாவட்டக் குறியீட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.