சிறுநீரக மாற்று செய்தவருக்குக் கண் நரம்பு அழற்சி: பல்ஸ் ஸ்டீராய்டு உடனே போடலாமா?

வள்ளியூர்_நர்ஸ்:
மாற்று நடந்து 4 வருஷம். டாக்ரோலிமஸ், மைக்கோஃபீனோலேட், பிரெட்னிசோலோன் ஓடுது, மூணும் எதிர்ப்புச் சக்தியை அடக்குற மாத்திரை. வலது கண் மங்கல், அசைச்சா வலி. எம்ஆர்ஐயில் கண் நரம்பு வீங்கியிருக்கு. இத்தனை மாத்திரைக்கு நடுவுல அழற்சி எப்படி வருது? ஸ்டீராய்டுக்கு முன்னாடி என்னென்ன எடுக்கணும் அண்ணாச்சி?

பாளை_நியூரோ:
வரத்தான் செய்யும். டாக்ரோலிமஸோட பிடி முக்கியமா டி செல்ங்கிற வெள்ளையணு மேல. கண் நரம்பைத் தாக்குற அக்வாபோரின்-4, மாக் (MOG) எதிரணுக்களைத் தர்ற பி செல் பக்கம் அது தளர்வுதான்.

ஆனா இவங்ககிட்ட முதல் சந்தேகம் தொற்று மேலதான் போகணும். காசநோய், கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை, சிஎம்வி வைரஸ், அக்கி வைரஸ், சிபிலிஸ். அன்னைக்கே முதுகுத் தண்டுநீர் எடுத்து செல் எண்ணிக்கை, சர்க்கரை, கிரிப்டோகாக்கல் ஆன்டிஜென், சிபிநாட் (காசநோய்க் கிருமியோட மரபணு சோதனை), வைரஸ் பிசிஆர் அனுப்புங்க. எல்லா முடிவும் வரட்டும்னு கண்ணைக் காக்கவைக்கவும் கூடாது. முதல் பார்வையில தொற்று தெரியலன்னா பல்ஸ், அதாவது மெத்தில்பிரெட்னிசோலோன் 1 கிராம், 1 மணி நேரத்துக்குக் குறையாம ஏத்தணும், 3 முதல் 5 நாள். அந்த நாட்கள்ல பிரெட்னிசோலோன் மாத்திரை வேண்டாம். முடிஞ்சதும் மறக்காம திரும்பத் தொடங்கணும். சர்க்கரை, பொட்டாசியம் தினமும்.

லேப்_தென்காசி:
அக்வாபோரின், மாக் ரெண்டுக்கும் சிவப்பு மூடி டியூப், பிளாஸ்மா மாற்றுக்கும் (ரத்தத்தோட நீர்ப்பகுதியை எடுத்துட்டு ஆல்புமின் ஏத்துறது) ஐவிஐஜிக்கும் (ரத்தக்குழாய்ல ஏத்துற எதிரணு மருந்து) முன்னாடியே. பிந்தினா முடிவை நம்ப முடியாது. டாக்ரோலிமஸுக்கு ஊதா மூடி, முழு ரத்தம், கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழிச்சு. காலை பஸ்ல வர்றவங்க வீட்லயே மாத்திரையைப் போட்டுட்டு வந்துடுதாங்க, அளவு பொய்யாக் கூடிக் காட்டும். கையில கொண்டுவரச் சொல்லுங்க. பம்பளிமாசு தின்னாலும் அளவு ஏறும்.

பாளை_நியூரோ:
பல்ஸுக்கு மசியலன்னா பிளாஸ்மா மாற்று 5 முறை, ஒருநாள் விட்டு ஒருநாள். எனாலாப்ரில், ராமிப்ரில் மாதிரி பிரஷர் மாத்திரையை 24 மணி நேரம் முன்னாடியே நிறுத்தணும். ஆல்புமின் ஏறும்போது பிரஷர் சரிஞ்சுடும். டாக்ரோலிமஸ் சிவப்பணுல ஒட்டியிருக்கதால பெருசா வெளியேறாது.

அக்வாபோரின் பாசிட்டிவ்னா பெரும்பாலும் பி செல்லைக் குறைக்கிற ரிட்டக்ஸிமாப் 1 கிராம், 14 நாள் கழிச்சு இன்னொரு 1 கிராம். முன்னாடி ஹெபடைட்டிஸ் பி ஆன்டிஜென், கோர் எதிரணு ரெண்டும் பார்க்காம தொடவே கூடாது. எம்எஸ் நோய்க்குப் போடுற இன்டர்ஃபெரான் பீட்டா பக்கம் போகாதீங்க, மாத்தின சிறுநீரகத்தை உடம்பு தள்ள வழி பண்ணலாம். காசநோய்னு தெரிஞ்சு ரிஃபாம்பிசின் தொடங்கினா டாக்ரோலிமஸ் அளவு மளமளன்னு இறங்கும். சிறுநீரக டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிடணும்.

வள்ளியூர்_நர்ஸ்:
ஐவிஐஜியும் எழுதியிருக்காங்க. பிளாஸ்மா மாற்றுக்கு முன்னாடியா, பின்னாடியா?

பாளை_நியூரோ:
கடைசி மாற்று முடிஞ்ச பிறகு. முன்னாடி போட்டா பிளாஸ்மாவோட மருந்தும் வெளியேறி, காசு பைக்குள்ள வடிஞ்சிரும். குப்பில சுக்ரோஸ் இல்லாததாப் பார்த்து வாங்குங்க, சுக்ரோஸ் சிறுநீரகத்துக்கு ஆகாது.