முப்பதைத் தாண்டி பி.இ.: வேலையை விட்டுவிட்டா, வேலையில் இருந்துகொண்டா?

கேட்டவர்:
டிப்ளமோ மெக்கானிக்கல், வயது 33, கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறேன். எனக்குப் பின்னால் சேர்ந்த பி.இ. பையன்கள் இன்ஜினியர் ஆகிவிட்டார்கள், நான் இன்னும் இன்ஸ்பெக்டர்தான். வேலையை விட்டுவிட்டு லேட்டரல் என்ட்ரியில் ரெகுலராகப் படிப்பதா, சாயங்காலம் பார்ட் டைமில் சேர்வதா? இரண்டில் ஒன்றை அனுபவித்தவர்கள் நடந்ததை எழுதுங்கள். அட்வைஸ் வீட்டிலேயே நிறையக் கிடைக்கிறது.

பார்ட் டைமில் முடித்தவர்:
நான் கோவை கணபதியில் வேலை பார்த்துக்கொண்டே முடித்தேன். முதலில் காலக்கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் இதில்தான் அவசரப்படுகிறார்கள். லேட்டரல் என்ட்ரியில் நேராக இரண்டாம் ஆண்டு, ஆறு செமஸ்டர், மூன்று வருடம். பார்ட் டைம் ஏழு செமஸ்டர், மூன்றரை வருடம். வித்தியாசம் ஆறே மாதம். ரெகுலர் என்றால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்து வேலையை விடுவதாக இருந்தால், தயவுசெய்து இன்னொரு முறை யோசியுங்கள்.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. வகுப்பு சாயங்காலம் ஆறுக்கு மேல் ஆரம்பித்து ஒன்பது, ஒன்பதரை வரை போகும். உங்களுக்கு ஜெனரல் ஷிஃப்ட், அதாவது தினமும் பகல் வேலை, கிடைக்குமா என்பதுதான் முழுக் கேள்வியும். படிக்க ஆட்சேபணை இல்லை என்ற என்.ஓ.சி. கடிதத்தைக் கம்பெனியில் சந்தோஷமாகக் கொடுத்துவிடுவார்கள், அப்புறம் மாதக் கடைசியில் டிஸ்பாட்ச் நெருக்கடி வந்ததும் அதே ஆள் "இன்றைக்கு மட்டும் இருந்துட்டுப் போ" என்பார், அந்த "இன்றைக்கு மட்டும்" வாரத்தில் மூன்று நாள் வரும். வருகைப்பதிவு 75 சதவீதம் வேண்டும். என் வகுப்பில் நின்றுபோனவர்களில் படிப்பு வராமல் நின்றவர்கள் குறைவு, ஷிஃப்ட் மாற்றிப் போட்டதால் நின்றவர்கள்தான் அதிகம். ஓவர்டைம் வருமானமும் போய்விடும், அதையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்த வகுப்பறை போல ஒன்று ரெகுலரில் கிடைக்காது என்பது என் எண்ணம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ஃபவுண்டரியில் மோல்டிங் பார்ப்பவர், பின்னால் ஸ்பின்னிங் மில் மெயின்டனன்ஸ், முன்னால் வால்வு கம்பெனிக்காரர். காஸ்டிங்கில் ஏன் ஓட்டை விழுகிறது என்று ஆசிரியர் பாடம் எடுத்தால், "சார், எங்க ஷாப்பில் மணலில் ஈரம் கூடினாலும் இப்படித்தான் வருது" என்று ஒருவர் ஆரம்பிப்பார், அன்றைக்குப் புத்தகம் மூடிவிடும். அதில் கற்றுக்கொண்டதை மறுநாளே ஷாப்பில் பார்த்துவிடலாம். என்ன, எல்லா ஆசிரியர்களும் அப்படி இல்லை, பகல் முழுக்க வகுப்பெடுத்துவிட்டு வருகிறவர்கள், அவர்களுக்கும் நம்மைப் போலவே தூக்கம் சொக்கும்.

கணிதம் மட்டும் விளையாட்டில்லை. டிப்ளமோவில் படித்த இன்டெகரேஷன் பத்து வருடத்தில் ஆவியாகியிருக்கும். சேர்வதற்கு முந்தைய கோடையிலேயே தூசி தட்டுங்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் வார நாட்களில் அது தூங்கும் முகத்தைத்தான் பார்ப்பீர்கள், ஞாயிறு ரெக்கார்டு நோட்டுக்குப் போய்விடும். என் மனைவி இதை இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.

லேட்டரல் என்ட்ரியில் ரெகுலராகப் படித்தவர்:
அண்ணா, நான் வேலையை விட்டவள். அப்போது எனக்கு 29, ஊர் திருநெல்வேலிப் பக்கம். கூடப் படித்ததெல்லாம் பத்தொன்பது இருபது வயதுப் பிள்ளைகள். முதல் வாரம் என்னை மேடம் என்று நினைத்து எழுந்து நின்றார்கள், அப்புறம் அக்கா ஆகிவிட்டேன், லேப்பில் ரீடிங் வராவிட்டால் என்னிடம்தான் வருவார்கள்.

படிப்பு என்று பார்த்தால் ரெகுலர்தான் நிறைவு. லைப்ரரியில் உட்கார நேரம், புராஜெக்ட்டை உண்மையாகவே செய்ய நேரம், ஆசிரியரைப் பகலில் பிடித்துக் கேட்க நேரம். ஆனால் மூன்றாம் செமஸ்டரிலேயே, அதாவது நாம் சேர்ந்ததுமே, டிரான்ஸ்ஃபார்ம்ஸ் கணிதம் வந்து நிற்கும், முதல் வருடக் கணிதம் படிக்காமல் நேராக அதில் விழுகிறோம். எங்கள் லேட்டரல் கூட்டத்தில் அரியர் வைத்தவர்கள் பெரும்பாலும் அந்தப் பேப்பரில்தான்.

பணம் பற்றி யாரும் சொல்லாத ஒன்று. ராஜினாமா தேதியைப் பார்த்துக் கொடுங்கள். நிரந்தர வேலையில் இருப்பவருக்கு ஒரே கம்பெனியில் தொடர்ந்து ஐந்து வருடம் ஆகாவிட்டால் கிராஜுவிட்டி (பணிக்கொடை) கிடையாது. இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீட்டில் இருந்தால் அதுவும் கொஞ்ச நாளில் நின்றுபோகும், வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இது சின்ன விஷயமில்லை. கல்விக் கடனில் படிப்புக் காலமும் அதற்குமேல் ஒரு வருடமும் தவணை கட்டாமல் இருக்கலாம், வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். எங்கள் வீட்டில் கணவர் சம்பளமும் என் நகைக்கடனும் சேர்ந்துதான் ஓட்டியது.

கேம்பஸ் இன்டர்வியூ பற்றிக் கேட்பீர்கள். சில கம்பெனிகள் படிப்பில் இடைவெளி இருந்தாலே ஃபார்ம் நிரப்ப விடுவதில்லை. நான் மெஷின் ஷாப்பிலிருந்து டிசைனுக்கு மாற நினைத்தேன், அது நடந்தது, ஆனால் ஃபிரெஷர் சம்பளத்தில். நீங்கள் அதே குவாலிட்டியில் மேலே போகத்தான் நினைக்கிறீர்கள் என்றால் ரெகுலருக்கு என்ன அவசியம் என்று எனக்குப் புரியவில்லை.

குறுக்கே ஒருவர்:
மூன்றாவதாக ஒரு வழி உங்களைத் தேடி வரும், "வகுப்புக்கே வர வேண்டாம், அஞ்சலில் பி.டெக்." என்று. போகாதீர்கள். தொலைநிலையில் வாங்கிய இன்ஜினியரிங் பட்டங்கள் பற்றி 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, அனுமதியில்லாமல் நடத்தப்பட்டவற்றில் நிறையப் பேருடைய பட்டம் செல்லாமல் போனது. என் மாமா அந்தக் காலத்தில் கல்லூரிக்குப் போகாமலே எழுதும் ஏ.எம்.ஐ.இ. இன்ஜினியரிங் தேர்வு எழுதித் தேறினார், ஆனால் அதற்கு பி.இ.க்குச் சமமான அங்கீகாரம் 2013 மே 31 வரை பதிந்தவர்களுக்குத்தான். இப்போது யாராவது அதைக் காட்டினால் இந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. எங்கள் பிளாண்டில் ரொட்டேஷன் ஷிஃப்ட், ஆனால் ஸ்டோர்ஸிலும், அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் கேலிபரேஷன் ரூமிலும் ஜெனரல் ஷிஃப்ட்தான். ஹெச்.ஆரிடம் எப்படி ஆரம்பிப்பது?

பார்ட் டைமில் முடித்தவர்:
ஹெச்.ஆரிடம் போகாதீர்கள், முதலில் உங்கள் மேனேஜரிடம் போங்கள். பி.இ. படிக்கிறேன் என்று ஆரம்பிக்காமல் கேலிபரேஷனுக்கு மாற்றிக் கேளுங்கள். அங்கே ஆள் எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். மாற்றம் எழுத்தில் வந்தபிறகு என்.ஓ.சி. பேச்சை எடுங்கள். வேலை அனுபவச் சான்றிதழில் சேர்ந்த தேதியும் பதவியும் சரியாக இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள், விண்ணப்பக் கடைசி நாளில் அதைத் திருத்த அலைந்தவர்கள் எங்கள் பேட்சில் இருந்தார்கள்.