பிளஸ் ஒன்னில் ஐந்தாவது பாடம்: ஓவியமா, கம்ப்யூட்டர் சயின்ஸா?

வைகைக்கரை:
மகள் சிபிஎஸ்இயில் பதினொன்றாம் வகுப்பு சேரப்போகிறாள். இயற்பியல், வேதியியல், கணக்கு, ஆங்கிலம் முடிவாகிவிட்டது. ஐந்தாவதாக ஓவியம் கேட்கிறாள். "படம் வரைந்தால் மார்க் கொட்டும், படிக்கவே வேண்டாம்" என்கிறார்கள் சிலர். "இன்ஜினியரிங்குக்கு ஆகாது" என்கிறார்கள் வேறு சிலர். உண்மையில் எது கஷ்டம்?

தூரிகை:
மார்க் பிரிப்பைப் பாருங்கள் சார். பன்னிரண்டாம் வகுப்பு கம்ப்யூட்டர் சயின்ஸில் தியரி 70, பிராக்டிகல் 30. ஓவியத்தில் அப்படியே தலைகீழ்: தியரி 30, பிராக்டிகல் 70. ஸ்டடி லீவில் உட்கார்ந்து தியரியைத் தேற்றிவிடலாம். கைப்பழக்கத்தைத் தேற்ற முடியாது.

பிராக்டிகல் மூன்று மணி நேரமாக இரண்டு அமர்வு. ஒன்றில் எதிரே வைத்திருக்கும் பொருள்களையும் துணி மடிப்பையும் பார்த்து வரைய வேண்டும். இன்னொன்று கற்பனை ஓவியம். வருடம் முழுக்க வரைந்ததன் தொகுப்புக்கும் மார்க் உண்டு.

மார்க் போகும் இடங்கள் பெரும்பாலும் இவைதான். குடத்தின் வாயை நீள்வட்டமாகப் போட்டுவிட்டு அடிப்பாகத்தை நேர்கோடாக இழுத்துவிடுவார்கள். கண்மட்டத்துக்குக் கீழே போகப் போக வட்டம் அகன்று தெரியும். ஆகவே அடி வளைவு வாயைவிட உருண்டையாக இருக்க வேண்டும். அடுத்தது ரப்பர். அழுத்தி அழித்த இடத்தில் காகிதம் பஞ்சு கிளம்பி, வாட்டர் கலர் திட்டுத்திட்டாக ஊறும். நிழலுக்குக் கறுப்பைக் கலந்தால் நிறம் செத்துவிடும். சிவப்புக் குடத்தின் நிழலுக்குச் சிவப்போடு கொஞ்சம் பச்சை சேர்த்தாலே போதும். போஸ்டர் கலர் மோர் பதத்தில் இருக்க வேண்டும். கெட்டியானால் காய்ந்ததும் வெடிக்கும், நீர்த்தால் தூரிகைத் தடம் தெரியும்.

பென்சில் வேலை 40 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் முதல் பூச்சு காயும் முன்பே இரண்டாவதைப் பூசி, எல்லாம் ஒன்றோடொன்று ஓடிவிடும்.

கணக்கு_வாத்தியார்:
கம்ப்யூட்டர் சயின்ஸும் சும்மா வராது. பைத்தான் என்ற நிரல்மொழியில் ஃபைல் கையாளுதலிலும், கடைசியில் வைத்ததை முதலில் எடுக்கும் ஸ்டேக் என்ற தரவு அடுக்கிலும்தான் பிள்ளைகள் தடுமாறுவார்கள். ஆனால் லேபில் தப்பு செய்தால் எந்த வரியில் தப்பு என்று கம்ப்யூட்டரே பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். படத்தில் அதைக் காட்டிக்கொடுக்க ஆளில்லை, ஆசிரியரின் கண்தான்.

இன்ஜினியரிங் பயம் வேண்டாம். தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் கட்-ஆஃப் 200: கணக்கு 100, இயற்பியலும் வேதியியலும் தலா 50. ஐந்தாவது பாடம் அதில் வருவதே இல்லை. கட்டடக்கலை போகும் எண்ணம் இருந்தால் ஓவியம் லாபம். கட்டடக்கலை நுழைவுத் தேர்வான நாட்டாவில் வரைதல் இருக்கிறது.

வைகைக்கரை:
நன்றி. தியரி 30தானே, அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாமா?

தூரிகை:
கூடாது சார். தியரியிலும் பிராக்டிகலிலும் தனித்தனியாக 33 சதவீதம் எடுத்தால்தான் பாஸ். தியரிப் பாடம் இந்திய ஓவிய வரலாறு: ராஜஸ்தானி, பஹாடி, முகலாய, தக்காணப் பாணிகள், வங்காளப் பாணி, நவீன ஓவியம் என்று போகும். ராஜஸ்தானியிலேயே மேவார், பூந்தி, ஜோத்பூர், பிகானேர், கிஷன்கட், ஜெய்ப்பூர் என்று கிளைகள். பரீட்சையில் கிளையை மாற்றி எழுதுவதுதான் வழக்கமான தப்பு.

இன்னொன்று, படத்தில் உள்ள கதையை மட்டும் எழுதுவது. முதல் வரிகளில் படத்தின் பெயர், ஓவியர், பாணி, ஊடகம் (எந்த வண்ணத்தில், எதன் மேல் வரைந்தது) வந்துவிட வேண்டும். பிறகு கண்ணுக்குத் தெரிவதை எழுத வேண்டும். ராதையாகப் பார்க்கப்படும் பெண்ணின் ஓவியமான கிஷன்கட் 'பணி தணி' என்றால் ஓவியர் நிஹால் சந்த். காதுப்பக்கம் நீண்ட கண், வில் புருவம், கூர்மூக்கு, கன்னத்தில் இறங்கும் சுருள்முடி. 'ராதை அழகாக இருக்கிறாள்' என்று எழுதினால் மார்க் வராது.

கணக்கு_வாத்தியார்:
சேர்க்கும் முன் பள்ளியில் இரண்டு கேளுங்கள்: பன்னிரண்டு வரை ஓவியம் எடுக்கத் தனி ஆசிரியர் இருக்கிறாரா? தொடர்ந்தாற்போல் இரண்டு பீரியட் தருகிறார்களா? ஒரே பீரியடின் 40 நிமிடத்தில் வண்ணத் தட்டைக் கழுவி வைக்கத்தான் நேரம் இருக்கும்.